இரண்டு கையெழுத்துக் கணக்கு

பிப்ரவரி 4

அன்புள்ள கடுகுக்கு,

“என் காசை எடுக்க உன் கையெழுத்து எதுக்கு?” என்று நீ என்னைக் கேட்டது நினைவிருக்கிறதா? நேற்று போனில் கத்தினாயே, அதைச் சொல்லவில்லை. முதல் சம்பளம் வாங்கிய வாரம், கணக்குத் தொடங்க வங்கிக்குப் போனோமே, அன்று அந்த நீள மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டாய். எதிரில் உட்கார்ந்திருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அன்று சொன்ன பதிலையே இன்றும் சொல்கிறேன். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் அமிலம் வைக்கும் அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று தலைமையாசிரியரிடம். அவசரத்துக்குத் திறக்க முடியவில்லை என்று இரண்டு பேருமே முணுமுணுப்போம். ஆனால் ஒரு குப்பிகூடக் காணாமல் போனதில்லை. உனக்கு யாராவது கைமாற்று கேட்டால் இல்லை என்று சொல்ல வாய் வராது. ‘அண்ணன் கையெழுத்து வேணுமே’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளட்டும் என்றுதான், இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும்படி வைத்தோம். அதில் இருப்பது முழுக்க உன் உழைப்பு. நான் வெறும் பூட்டு.

கார் வாங்கப் போகிறாய் என்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் நம் கணக்குக்கு செல்போன், இணையம் எதுவும் எடுபடாதாம். தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு, இந்தக் கிளையிலேயே கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. தபால் எப்படியும் போய் வரத்தான் போகிறது, கூடவே கடிதமும் வரட்டும். போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய்.

கடிதம் அச்சில் இருப்பதைப் பார்த்து மிரளாதே. உன் மருமகன் விட்டுப்போன கணினி சும்மாதானே கிடக்கிறது என்று தட்டிப் பழகுகிறேன். ஒரு விரலால் கோழி கொத்துவதுபோல் கொத்துகிறேன் என்கிறாள் உன் அண்ணி.

வேளைக்குச் சாப்பிடு. முதுகைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

(கடுகு, நான்தான். இந்த மனுஷன் ரெண்டு நாளா இந்த ஒரு பக்கத்தைத் தட்டினார். காரில் என்னை எப்போது ஏற்றப் போகிறாய்? – அண்ணி)


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம், என் முதுகு நலமில்லை. அண்ணியும் நீயும் நலம் என்று நம்புகிறேன்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பூட்டு என்று நீயே ஒத்துக்கொண்டதற்கு நன்றி. இப்போது கொஞ்சம் சீக்கிரம் திறந்தால் நல்லது.

நான் ஏன் கத்துகிறேன் என்று உனக்குப் புரிய ஒரு காலை நேரத்தை எழுதுகிறேன். நோயாளிகளைப் படுக்கவைத்துப் பயிற்சி கொடுக்க ஒரு மடக்குக் கட்டில் வைத்திருக்கிறேன் அல்லவா, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பேன். ஓட்டுநர் தினமும் ஒரே கேள்வி: “என்னம்மா, பஸ்லயே படுத்துட்டு வர்றதா உத்தேசமா?” நான், “நீங்க ஓட்டுற ஓட்டுக்கு யாருக்குத் தூக்கம் வரும்?” என்பேன். சிரிப்பார்கள். அடுத்த நிறுத்தத்தில் அந்தக் கட்டில் யாராவது ஒருவர் முழங்காலில் இடிக்கும். சிரிப்பு போய்விடும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் எனக்கு ஐந்து வீடுகள். அதில் ஒருவர் தையல்காரர். பக்கவாதத்துக்குப் பிறகு, போன வாரம்தான் முதல் முறையாகக் கரண்டியைத் தானே பிடித்தார். என்னை அனுப்பும் அலுவலகத்தில் மேற்பார்வையாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “ஜூலை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் அந்தப் பக்கத்து வீடெல்லாம் வண்டி வெச்சிருக்கறவங்களுக்குத்தான். தப்பா எடுத்துக்காதீங்க.” அந்த ஐந்து வீடு போனால் என் வருமானத்தில் பாதி போய்விடும். எனக்கு மாதச் சம்பளச் சீட்டு கிடையாது என்பதால் இங்கே எந்த வங்கியும் கடன் தராது. என் பணம் உன் ஊரில், நான் இங்கே.

கார் பார்த்துவிட்டேன். ரொட்டிக்கடைக்காரர் ஒருவருடையது. கடையை மூடிவிட்டு மகளிடம் போகிறார். “பின்கதவு ஒண்ணு உள்ளேயிருந்து திறக்காதும்மா. ஆனா எஞ்சின் என்னை மாதிரி. விடியறதுக்கு முன்னாடி எழுப்பினாலும் முனகாம எழுந்துக்கும்” என்றார். உள்ளே உட்கார்ந்தால் மாவு வாசனை. கட்டில் நீளவாக்கில் நன்றாக நுழைகிறது. அளந்து பார்த்தேன்.

அண்ணிக்கு: முதல் சவாரி உங்களுக்குத்தான். அந்தப் பின்கதவுப் பக்கம் உட்காராதீர்கள்.

உன் கடுகு


மார்ச் 9

அன்புள்ள கடுகுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் முதுகுக்கு நீயே வைத்தியம் செய்துகொள்ள முடியாதது வேடிக்கைதான்.

வங்கிக்குப் போய் வந்தேன். பழைய மேலாளர் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது ஒரு இளம் பெண். மரியாதையாகத்தான் பேசுகிறார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டார். கணக்குத் தொடங்கியபோது போட்ட மாதிரி இருக்க வேண்டுமாம். புதிய விண்ணப்பம் இணைத்திருக்கிறேன். கோபப்படாமல் இன்னொரு முறை கையெழுத்துப் போட்டு அனுப்பு.

வங்கிக்காரர்களைக் குறை சொல்லி என்ன பயன்? தேர்வுத் தாளில் பதிவெண் ஒரு இலக்கம் மாறியிருந்தால், பையன் என் வகுப்புதான், கையெழுத்தும் எனக்குத் தெரியும் என்று நான் மதிப்பெண் போட்டுவிட முடியுமா? அதுபோலத்தான்.

ரொட்டிக்கடைக்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல். அண்ணி இந்த முறை எதுவும் எழுதவில்லை. கோபமாக இருக்கிறாள். கேட்டால், “எல்லாத்தையும் நீங்களே எழுதுங்க” என்கிறாள்.

காலைப் பனியில் காதைக் கட்டிக்கொண்டு போ.

உன் அண்ணன்


மார்ச் 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக்கூடப் பொறுமை இல்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

கையெழுத்து எப்படி ஒத்துப்போகும்? கணக்குத் தொடங்கியபோது நான் சின்னப்பெண். ஒவ்வோர் எழுத்துக்கும் தலையில் ஒரு சுழி, காலில் ஒரு சுழி. இப்போது ஒவ்வொரு வீட்டிலும் வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டுப் போட்டு, ஒரு கோடு, ஒரு வளைவு, ஒரு புள்ளி, அவ்வளவுதான் மிச்சம். அந்தப் பெண் நான் இல்லை என்று வங்கி சொன்னால் அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

என் பழைய படிப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தேன். அதில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதிப் பழகினேன். என் கையெழுத்தை நானே கள்ளத்தனமாகப் போடுவது போல இருந்தது. வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, “என்ன, பரீட்சைக்குப் படிக்கறீங்களா?” என்றார். “ஆமா, நான்தான் நான்னு நிரூபிக்கிற பரீட்சை” என்றேன்.

இதோ அனுப்பியிருக்கிறேன். இரண்டு சுழியும் இருக்கின்றன. நீதான் எத்தனையோ பேருக்குக் கையெழுத்துத் திருத்தியவன் ஆயிற்றே, கொடுப்பதற்கு முன் நீயே ஒரு முறை பார்த்துவிடு. எங்கே தப்பு என்று சொல், திருத்திக்கொள்கிறேன். உன் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்வாயே, மணிக்கட்டைத் தூக்காதே, மூச்சை அடக்காதே என்று, அப்படி ஏதாவது எனக்கும் சொல்.

ரொட்டிக்கடைக்காரர் ஏப்ரல் பாதி வரை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். “உங்க அண்ணன் வாத்தியாருன்னு சொன்னீங்களே, வாத்தியார் கையெழுத்துக்கே மதிப்பு இல்லையா?” என்று கேட்டார். 

அண்ணியின் கோபம் தணிந்ததா? யார் மேல் கோபம்?

உன் கடுகு


ஏப்ரல் 17

அன்புள்ள கடுகுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கையெழுத்தைப் பார்த்தேன். அழகாக இருந்தது. மிக நன்றாகப் பழகியிருக்கிறாய். இருந்தாலும் விண்ணப்பத்தை மறுபடியும் எடுத்துக்கொள்ளவில்லை. மேலாளர் வேறு ஒரு வழி சொன்னார். அது நமக்குச் சரிப்பட்டு வராது. வேறு ஏதாவது செய்ய முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்சம் பொறுத்துக்கொள். சில கணக்குகள் முதல் முறையில் வராது. வகுப்பில் நான் சொல்வேன், வரவில்லை என்றால் கணக்கை மூடிவைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வா என்று.

இன்னொரு விண்ணப்பம் இணைத்திருக்கிறேன். அதே மாதிரி கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் அண்ணன்

(கடுகு, எனக்குக் காலையில் வேலை கூடிவிட்டது. காபி போடுவது, தோட்டத்துக்குத் தண்ணீர், உன் அண்ணன் சட்டைப் பொத்தான். இதற்கு மேல் எழுதினால் கணினியைப் பிடுங்கிவிடுவார். – அண்ணி)


ஏப்ரல் 30

அண்ணாவுக்கு,

நலமாக இரு. நான் நலமாக இல்லை.

கார் போய்விட்டது. நேற்று பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன், யாரோ ஒருவர் ஓட்டிக்கொண்டு போகிறார். பின்சீட் முழுக்கப் பூந்தொட்டி. ரொட்டிக்கடைக்காரர் வருத்தப்பட்டார். “நானும் எவ்வளவு நாள்மா அண்ணன் அண்ணன்னு கேட்டுட்டு இருக்க முடியும்?” என்றார். அவர் மேல் தப்பில்லை.

தண்ணீர் குடித்துவிட்டு வா என்கிறாய். குடித்துவிட்டு வந்து பார்த்தேன். கணக்கு அப்படியேதான் இருக்கிறது. பணம் என்னுடையது. பெயர் என்னுடையது. சுழி போட்டால் சரியில்லை, சுழி இல்லாமல் போட்டால் சரியில்லை. மேலாளர் வேறு வழி சொன்னாராம், அது என்ன வழி என்று எழுத மாட்டாயாம், அது நமக்குச் சரிப்படாதாம். நமக்கு என்றால் யாருக்கு? சரிப்படுமா இல்லையா என்று நான் சொல்லக் கூடாதா? நான் இன்னும் உன் விரலைப் பிடித்துக்கொண்டு அந்த மேஜைக்கு முன்னால் நிற்கிறேனா?

இன்னொரு கார் இருக்கிறது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றை மூடுகிறார்கள். அவர்களுடைய சாம்பல் நிறக் கார். பக்கத்தில் உட்காரும் வாத்தியாருக்கும் ஒரு பிரேக் வைத்திருக்கிறார்கள். யார் மிதித்தாலும் நின்றுவிடும். நம் கணக்கு மாதிரியே என்று நினைத்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை.

திங்கள்கிழமை நானே வங்கிக்குப் போன் செய்யப் போகிறேன்.

உன் தங்கை


மே 6

அண்ணா,

போன் செய்தேன். மூன்று பேரிடம் மாற்றி மாற்றி, நடுவில் ஒரு பாட்டுப் போட்டு, கடைசியில் உங்கள் மேலாளரே வந்தார். நான் ஆரம்பத்திலேயே சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

“என் கையெழுத்துல என்னதான் தப்புன்னு சொல்லுங்க. எத்தனை தடவைதான் போடுறது?” என்றேன்.

“உங்க கையெழுத்துல தப்பே இல்லையேம்மா.”

“அப்புறம் எதுக்குத் திருப்பி அனுப்பறீங்க?”

“உங்களுது முதல் தாள்லயே ஒத்துப்போச்சு. கொஞ்சம் மாறியிருந்துது, ஆனா ஒரே கைன்னு தெரியுது. ரெண்டாவது தாள்ல என்னமோ பூ வரைஞ்ச மாதிரி போட்டு அனுப்பியிருந்தீங்க. அதையும் ஏத்துக்கிட்டேன்.” தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “சார் உங்ககிட்ட சொல்லலையா?” என்றார்.

நான் போனை வைத்துவிட்டேன். பாதியில்தான்.

உன் கடிதங்களை எடுத்துத் திரும்பப் படித்தேன். ‘கையெழுத்து ஒத்துப்போகவில்லை.’ யாருடைய கையெழுத்து என்று நீ ஒரு இடத்தில்கூட எழுதவில்லை. நான்தான் என்னுடையது என்று எடுத்துக்கொண்டேன். நீ அப்படியே விட்டுவிட்டாய். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நான் சுழி போட்டுப் பழகியதை எழுதினேன், அதைப் படித்தும் விட்டுவிட்டாய்.

அண்ணி எழுதியதையும் படித்தேன். புதிதாக ஒரு நோயாளி வீட்டுக்குப் போனால் நான் கையைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்னால் கேட்கும் கேள்வி என்ன தெரியுமா? “சட்டைப் பொத்தானை யார் போட்டுவிடறாங்க?” என்பதுதான். என் வீட்டுக் கடிதத்தில் அந்த வரி வந்திருக்கிறது, நான் சிரித்துவிட்டு மடித்து வைத்திருக்கிறேன்.

எவ்வளவு நாளாக? எந்தக் கை? மருத்துவரைப் பார்த்தாயா? வேறு எதுவும் எழுத வேண்டாம்.

கடுகு


ஜூன் 2

கடுகு,

நலம். நீ நலமாக இரு.

இதைக் கையால் எழுதுகிறேன். கோணல் மாணலாக இருக்கும். படிக்க முடிந்ததைப் படி. நான்கு நாளாக எழுதுகிறேன்.

வலது கை. போன வருட மழைக்காலத்திலிருந்து. முதலில் தேநீர்க் கோப்பை. பிறகு சாவி. பேனா பிடித்தால் நடுக்கம் இன்னும் அதிகம். மருத்துவரைப் பார்த்தேன். மாத்திரை கொடுத்திருக்கிறார். கொஞ்சம் குறையும், போகாது என்றார்.

மேலாளர் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, “பரவாயில்ல சார், இன்னொரு தடவை நிதானமா போடுங்க” என்றார். போட்டேன். இன்னும் மோசமாக வந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் வீட்டிலேயே, கை கொஞ்சம் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனேன். எதுவும் உதவவில்லை.

அவர் சொன்ன வழியைக் கேட்டாயே. “கட்டை விரல் வெச்சிடுங்க சார். கூட ஒரு சாட்சி. நான் சான்று போட்டுடறேன். ஒரே நாள்ல முடிஞ்சிடும்” என்றார்.

கைநாட்டு.

உனக்குத் தெரியும். பள்ளி விட்டதும் ராத்திரிப் பள்ளி நடத்தினேன். வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள். ‘இந்தத் தெருவில் இனிக் கைநாட்டு இல்லை’ என்று கரும்பலகையில் எழுதிவைத்தது நான்தான். வகுப்புக்கு வராதவர்களை வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டது நான்தான். அவர்களில் பாதிப் பேருக்கு அதே வங்கியில்தான் கணக்கு. அவர்கள் நிற்கிற வரிசையில் நின்று நான் விரலை மையில் வைக்க வேண்டும்.

உன்னிடம் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ நம்பியதைத் திருத்தவில்லை, அவ்வளவுதான் என்று. தப்பு விடையைப் பார்த்துவிட்டுத் திருத்தாமல் போகிறவன் வாத்தியாரா? உன் கார் போனது என்னால்.

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

அண்ணன்


ஜூன் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன் கடிதம் முழுவதும் படித்தேன். ஓர் எழுத்துகூட விடவில்லை. இதைவிடக் கோணலான கையெழுத்தெல்லாம் படிக்கிற தொழில் என்னுடையது.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. ரொட்டிக்கடைக்காரர் காருக்கு நீ பதில் சொல்லியே தீர வேண்டும். நீ என்னிடம் முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தால், எப்படி உட்கார்ந்து, எந்தப் பேனாவால், முழங்கையை எங்கே ஊன்றி எழுதுவது என்று சொல்லியிருப்பேன். முன்பின் தெரியாதவர் வீட்டுக்கெல்லாம் கட்டிலைச் சுமந்துகொண்டு போய் இதைத்தானே சொல்லிக் கொடுக்கிறேன்? அவர்கள் என்னிடம் கையை நீட்டுகிறார்கள். நீ மட்டும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாய். எனக்கு எரிச்சல் அதில்தான். பணத்தில் இல்லை.

கைநாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் பெரிதாகச் சொல்லத் தெரியாது. தையல்காரரிடம் உன் கதையைச் சொன்னேன், ஆள் யாரென்று சொல்லாமல். அவருக்கு இப்போது வாய் ஒரு பக்கம்தான் திறக்கும். “எனக்கு இன்னும் பாதிச் சாப்பாடு ஊட்டுறது என் பொண்டாட்டிதான். அதுக்காக நான் சாப்பிடத் தெரியாதவன்னு ஆயிடுமா?” என்றார். நீ இருந்திருந்தால் அவருக்கு ஏதாவது நல்ல உதாரணமாகத் திருப்பிச் சொல்லியிருப்பாய். நான் அவர் காலை நீட்டிவிட்டேன்.

பயிற்சிப் பள்ளிக்காரர் காரை யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறார். ஜூலை முதல் வாரம் வரைதான் பொறுப்பார். மேற்பார்வையாளர் நேற்று மறுபடி ஞாபகப்படுத்தினார். நீ கடைசியாக அனுப்பிய விண்ணப்பத்தில் என் கையெழுத்தும் பயிற்சிப் பள்ளிக்காரர் கணக்கு எண்ணும் போட்டு இணைத்திருக்கிறேன். சுழி இல்லை, ஒன்றும் இல்லை. என் சொந்தக் கையெழுத்து.

நீ விரல் வை, அண்ணா. இல்லை என்றால் வைக்கவில்லை என்று எழுது, நான் வேறு ஊரில் வேலை தேடுகிறேன். ஆனால் ஏதாவது ஒன்றை எழுது. யார், எது என்று சொல்லி எழுது.

சாப்பிடும்போது தட்டுக்குக் கீழே ஈரத்துணி விரித்துக்கொள், நகராது. பேனாவைத் தடிமனாகத் துணி சுற்றிப் பிடி. அண்ணியிடம் பெரிய பொத்தான் வைத்த சட்டை வாங்கச் சொல்.

உன் கடுகு


ஜூலை 3

அன்புள்ள கடுகுக்கு,

நலம். துணி சுற்றிய பேனாவால் எழுதுகிறேன், எழுத்து முன்னைவிடக் கொஞ்சம் நிற்கிறது பார். அண்ணி ஈரத்துணிக்கு உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

வங்கிக்குப் போனேன். யார், எது என்று சொல்லி எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். நான் என் இடது கட்டை விரலை வைத்தேன்.

சாட்சிக்கு அந்த வங்கியிலேயே கணக்கு உள்ள ஒருவர் வேண்டும் என்றார்கள். நம் தெரு இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். ராத்திரிப் பள்ளியில் கடைசி பெஞ்சு. வழியில் விஷயத்தைச் சொன்னபோது தெருவிலேயே நின்றுவிட்டார்.

“சார், நீங்களா கைநாட்டு?”

“நான்தான்.”

“அப்ப அன்னிக்கு என்னை அந்தப் பாடு படுத்தினீங்களே! இஸ்திரிப்பெட்டி பிடிச்ச கையில பென்சிலை வெச்சு, வீங்கிப்போற வரைக்கும் எழுத வெச்சீங்களே!” அவருக்கு நிஜமாகவே கோபம். “என் மாமனாரு கைநாட்டு வெச்சே சாகிற வரைக்கும் நல்லா இருந்தாரு. அவரை நீங்க வாசல்ல நின்னு என்ன பேச்சுப் பேசினீங்க?”

 வங்கி வரும் வரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். ஆனால் சாட்சி இடத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு மேலாளரிடம், “என் கையெழுத்தை நம்பிச் சாருக்குப் பணம் குடுக்கறீங்க. நல்லா யோசிச்சுக்கங்கம்மா” என்றார். மேலாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பும்போது தேநீர் வாங்கித் தந்தேன், குடித்தார். கோப்பையை என்னிடமிருந்து வாங்கி மேஜையில் அவரே வைத்தார்.

இது அவ்வளவு சுலபமாக முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இடது கை நடுங்காது என்று தைரியமாகப் போனேன். அதுவும் பயத்தில் ஆடியது. முதல் முறை மையில் அமுக்கி, தாளில் அமுக்கி எடுத்தேன். கரி அப்பியது மாதிரி ஒரு கறுப்பு வட்டம், ஒரு ரேகைகூடத் தெரியவில்லை. “இன்னொண்ணு வைங்க சார்” என்றார்கள். அது இழுபட்டுவிட்டது. இடம் தீர்ந்துபோய், மேலாளர் ஓரத்தில் வைக்கச் சொல்லித் தானே சுற்றிக் கட்டம் போட்டுக் கொடுத்தார். மூன்றாவதுதான் தெளிவாக விழுந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. நான் இத்தனை வருஷம் அதை முறையே இல்லாத ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பணம் நேற்று நேராகப் பயிற்சிப் பள்ளிக்காரர் கணக்குக்குப் போய்விட்டது. மேலாளர் என் முன்னாலேயே அனுப்பினார். கடிதம் கிடைத்த அன்றே போய்ச் சாவியை வாங்கிக்கொள். மேற்பார்வையாளரிடம் மறுநாளே வண்டியைக் காட்டு. அந்த இன்னொரு பிரேக்கைக் கழற்றச் சொல்லிவிடு. பக்கத்தில் உட்காருகிறவர் எல்லாம் மிதித்துக்கொண்டிருந்தால் நீ ஆற்றைத் தாண்ட முடியாது.

இன்னொன்று. “இனிமே யாராவது ஒருத்தர் கையெழுத்து இருந்தாலே போதும்னு மாத்திடலாமா சார்?” என்று மேலாளர் கேட்டார். மாற்றலாம் என்றேன். அதற்கும் இருவரும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டுமாம். விண்ணப்பம் இணைத்திருக்கிறேன். என் விரலை வைத்துவிட்டேன். உன் கையெழுத்தைப் போட்டு அனுப்பு. இனிமேல் கைமாற்று கேட்கிறவர்களிடம் நீயேதான் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ரொட்டிக்கடைக்காரர் காருக்கு நான் பதில் சொல்ல முடியாது. அந்தக் கடனை அப்படியே வைத்துக்கொள். அண்ணியும் நானும் அடுத்த மாதம் வருகிறோம். வந்ததும் என் கையைப் பார்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அண்ணன்

இந்தக் கடிதத்தின் அடியிலும் கையெழுத்துப் போடும் இடத்தில் என் விரலை வைத்திருக்கிறேன், பார். பக்கத்தில் உனக்கும் இடம் விட்டிருக்கிறேன். மையைத் தொட்டால் போதும், அமுக்காதே. விரலின் இடது ஓரத்தைத் தாளில் வை, வலது ஓரம் வரை ஒரே முறை உருட்டு, இழுக்காமல் நேராக மேலே எடு. செய்து பார்.